தொழிற்சாலைக்கு ஒரு பரீட்சை



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் நீங்கள் பேருந்தில் போயிருக்கக் கூடும். பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, அடுத்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி எனப் பல பொருள்கள் இந்த வட்டாரத்தில் உருவாகின்றன. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறு சிறு பாகங்களைச் செய்து தரும் தொழிற்கூடங்களும் இங்கே ஏராளம். மண்ணூர் போன்ற ஊர்களிலிருந்து பலர் நாள்தோறும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள்.

இத்தகைய ஒரு தொழிற்கூடத்தைத் திருடன் எப்படித் தாக்குவான்? சுவரேறிக் குதிப்பான், பூட்டை உடைப்பான் என்றுதான் நினைப்போம். ஆனால் இன்றைய திருடன் சுவரேறிக் குதிப்பதில்லை. பூட்டை உடைப்பதும் இல்லை. மாறாக, அவனே ஒரு புதுப் பூட்டைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால் சாவி தருகிறேன்" என்கிறான்! அவன் பூட்டுவது அறைக் கதவை அல்ல. கணிப்பொறியில் உள்ள கோப்புகளை. அதற்கு அவன் பயன்படுத்தும் நிரலுக்கு 'ரான்சம்வேர்' என்று பெயர். தமிழில் 'பணயப் பறிப்பு நிரல்' எனலாம்.

நம் வட்டாரத்துக்கு அது வந்த கதையை முதலில் பார்ப்போம்.

ஒரகடத்தில் ஒரு சனிக்கிழமை

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற பணயப் பறிப்பு நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாள்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அதன் பிடியில் சிக்கின. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மறுநாள் பிரான்சில் ரெனால்ட் நிறுவனத்தின் கார் ஆலைகளில் சில நிறுத்தப்பட்டன. அதே நிரல் ஒரகடத்திலிருந்த ரெனால்ட்–நிசான் கூட்டு ஆலையையும் பாதித்தது.

திரையில் தோன்றிய செய்தி இதுதான்: 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பு, மூன்று நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பு, ஏழு நாள் தாண்டினால் கோப்புகள் போயே போயின!

இந்தக் கதையில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வான்னாக்ரை நுழைந்த ஓட்டை, விண்டோஸ் கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் பகுதியில் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதாவது, தாக்குதலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே மருந்து கடைக்கு வந்துவிட்டது. வாங்கிச் சாப்பிடாதவர்களைத்தான் நோய் பிடித்தது.

அப்படியானால் தாக்குதல் நாளன்று ஓர் ஆலையின் கதி தீர்மானமாவதில்லை. அதற்கு முன் கழிந்த அமைதியான நாள்களில்தான் தீர்மானமாகிறது. அதனால்தான் "இந்த நிறுவனம் தயாராக இருக்கிறதா?" என்று முன்கூட்டியே பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பரீட்சையைப் பற்றியதே இக்கட்டுரை.

சாவி ஏன் கிடைப்பதில்லை?

"பூட்டைத் திறக்க நம் நிபுணர்களால் முடியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது.

கோப்பைப் பூட்டுவது என்றால், அதிலுள்ள எழுத்துகளையும் எண்களையும் ஒரு மறைஎண்ணைக் கொண்டு உருத்தெரியாமல் மாற்றிவிடுவது. இதை மறைகுறியாக்கம் என்பர். அந்த மறைஎண்தான் சாவி. வான்னாக்ரை 128 இலக்கமுள்ள இருமஎண்களைச் சாவியாகப் பயன்படுத்தியது. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 வரலாம். ஆகவே சாத்தியமான சாவிகள் 2-இன் 128-ஆம் அடுக்கு. இது 3-ஐத் தொடர்ந்து 38 இலக்கங்கள் வரும் பேரெண்.

நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். எல்லாச் சாவிகளையும் சோதிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கோடி ஆண்டுகள்! பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

சரி, அந்தச் சாவி நம் கணிப்பொறிக்குள்ளேயேதானே உருவானது? அதைத் தேடிப் பிடிக்கலாமே! அதற்கும் திருடன் வழி செய்திருக்கிறான். தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் கடிதத்தைப் போடலாம். ஆனால் எடுப்பதற்குத் தபால்காரரிடம் உள்ள சாவி வேண்டும். இதைப் போலவே, மூடுவதற்கு ஓர் எண், திறப்பதற்கு வேறோர் எண் என்று அமைந்த கணித முறை உண்டு. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் 1977-இல் அமைத்த ஆர்.எஸ்.ஏ. முறை அவற்றுள் புகழ் பெற்றது. திருடன் நிரலோடு அனுப்பி வைப்பது மூடும் எண்ணை மட்டுமே. கோப்புச் சாவிகளை அந்தத் 'தபால் பெட்டி'யில் போட்டு மூடிவிட்டு, நிரல் அவற்றின் மூலத்தை அழித்துவிடுகிறது. திறக்கும் எண் எங்கோ தொலைவில் திருடனிடம் இருக்கிறது.

வங்கிப் பரிமாற்றங்களைப் பாதுகாப்பதும் இதே வகைக் கணிதம்தான். காய் நறுக்கும் கத்திதானே கையையும் வெட்டுகிறது!

ஆக, பூட்டிய பிறகு திறப்பதை நம்பி இருக்க முடியாது. பூட்ட விடாமல் தடுக்க வேண்டும். அல்லது, பூட்டினாலும் கவலையில்லை என்ற நிலையில் இருக்க வேண்டும்.

"நாங்கள் சின்ன கம்பெனி"

"எங்களிடம் என்ன இருக்கிறது, எங்களை யார் தாக்கப் போகிறார்கள்?" என்று சிறு தொழில் நடத்துவோர் கேட்பது வழக்கம். ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள்.

கொஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்பது டொயோட்டா கார்களுக்குப் பாகங்கள் செய்து தரும் நிறுவனம். 2022 பிப்ரவரி 26-ஆம் நாள் இரவு அதன் கணிப்பொறிகள் பணயப் பறிப்பு நிரலுக்கு இரையாகின. டொயோட்டாவின் கணிப்பொறிகளை யாரும் தொடவில்லை. ஆயினும் மார்ச் 1-ஆம் நாள் ஜப்பானிலிருந்த டொயோட்டாவின் 14 ஆலைகளும், அவற்றின் 28 உற்பத்தி வரிசைகளும் நின்றன. சுமார் 13,000 கார்கள் அன்று உருவாகவில்லை.

காரணம் என்ன? இன்றைய கார் ஆலைகள் பாகங்களைக் குவித்து வைப்பதில்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் வந்து சேரும்படி ஏற்பாடு செய்துகொள்கின்றன. இதனால் கிடங்குச் செலவு மிச்சம். ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் நிற்கும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரமும் இப்படிப்பட்ட சங்கிலியால் பிணைக்கப்பட்டதுதான்.

பரீட்சை தொடங்குகிறது

இப்போது கற்பனையாக ஒரு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இது மண்ணூரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை அழுத்தி கார்ப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப். 60 பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அலுவலகத்தில் பத்துக் கணிப்பொறிகள். இயந்திரங்களோடு இணைந்தவை நான்கு. ஆர்டர், டெலிவரி சலான், வரைபடங்கள், சம்பளக் கணக்கு எல்லாம் கணிப்பொறியில்தான். வாங்கும் ஆலையில் நான்கு மணி நேரத்துக்குப் போதுமான பாகங்களே கையிருப்பு.

நீங்கள்தான் பரீட்சை அதிகாரி! ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. "செய்கிறோம் சார்" என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை. "காட்டுங்கள்" என்று கேட்டு, கண்ணால் கண்டதற்கு மட்டுமே மதிப்பெண்.

முதல் கேள்வி: உங்களிடம் என்னென்ன கணிப்பொறிகள் உள்ளன? பட்டியலைக் காட்டுங்கள். இருப்பதே தெரியாவிட்டால் காப்பது எப்படி? மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்று போதும், நோய் நுழைய.

இரண்டாம் கேள்வி: திருத்தங்களை உடனுக்குடன் போடுகிறீர்களா? கடைசியாகப் போட்ட தேதி என்ன? இங்கே ஒரு சிக்கல் உண்டு. சி.என்.சி. இயந்திரத்தோடு வந்த பழைய கணிப்பொறிக்குத் திருத்தமே வெளிவராமல் போயிருக்கலாம். இயந்திரமோ இன்னும் பத்தாண்டு உழைக்கும். தூக்கி எறிய முடியுமா? முடியாது. அப்படியானால் அதை மற்றவற்றிலிருந்து தனிமைப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: வெளியிலிருந்து உள்ளே வரும் வழிகள் எத்தனை? இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் தொலைவிலிருந்தே இணைவதற்கு ஒரு வழி இருக்கும். கணக்கர் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு வழி இருக்கும். அவற்றுக்குக் கடவுச்சொல் மட்டும்தான் காவலா? கைப்பேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் உண்டா? "இன்வாய்ஸ் இணைத்துள்ளோம்" என்று அறியாதவரிடமிருந்து வரும் மின்னஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறதா?

நான்காம் கேள்வி: உள்ளே தடுப்புச் சுவர் உண்டா? கப்பலின் அடிப்பகுதி பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதை அறிவீர்கள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். அதுபோல அலுவலகக் கணிப்பொறிகளும் இயந்திரக் கணிப்பொறிகளும் தனித்தனி வலையமைப்புகளில் இருக்க வேண்டும். வான்னாக்ரை யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. சுவர் இருந்த இடத்தில் அதன் ஓட்டம் நின்றது.

ஐந்தாம் கேள்வி: நகல் எங்கே? இதற்கு '3–2–1' என்று எளிய விதி ஒன்று உண்டு. தகவல் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். பணயப் பறிப்புக்கு எதிராக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஒரு பிரதியாவது எந்தக் கணிப்பொறியோடும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். ஏனென்றால் இன்றைய திருடர்கள் முதலில் தேடுவதே நகலைத்தான். வீட்டுச் சாவியின் நகலைக் கதவிலேயே தொங்கவிட்டால் என்ன பயன்?

ஆறாம் கேள்வி: நகலிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா? எவ்வளவு நேரம் ஆனது? பலரும் தடுமாறும் கேள்வி இதுவே. நம் பிரஸ் ஷாப்பில் 2 டெராபைட் தகவல் இருக்கிறது என்போம். நொடிக்கு 100 மெகாபைட் வீதம் நகல் எடுத்தால் 20,000 நொடிகள். அதாவது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். கணிப்பொறிகளைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நேரம் தனி. வாங்கும் ஆலையின் கையிருப்போ நான்கு மணி நேரத்துக்குத்தான்! நகல் இருந்தும் ஆலை நிற்கும் என்பதை இந்தச் சிறு வகுத்தல் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எனவே டெஸ்பாட்சுக்கு வேண்டிய கோப்புகளைத் தனியே வைத்து, அவற்றை முதலில் மீட்கும்படி வரிசை வகுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. நகல் இரவு 10 மணிக்கு எடுக்கப்படுகிறது. தாக்குதல் மறுநாள் மாலை 5 மணிக்கு. எத்தனை மணி நேர வேலை தொலையும்? பத்தொன்பது மணி நேரம். அதைத் தாங்க முடியுமா என்று உரிமையாளர் இன்றே முடிவு செய்ய வேண்டும்.

ஏழாம் கேள்வி: அந்த நேரத்தில் யார் என்ன செய்வார்? இரவு 2 மணிக்குத் திரையில் மிரட்டல் தெரிகிறது. இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் ஷிப்ட் மேற்பார்வையாளருக்கு உண்டா, இல்லை முதலாளியை எழுப்பிக் கேட்க வேண்டுமா? தொலைபேசி எண்கள் எங்கே உள்ளன? "கணிப்பொறியில்" என்று பதில் வந்தால் பூஜ்யம்தான். காகிதத்தில் எழிதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நம் நாட்டில் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு 'செர்ட்–இன்'. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் பிறந்த ஆணை. இது மேற்பார்வையாளருக்குத் தெரியுமா?

எட்டாம் கேள்வி: கணிப்பொறி இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்? அச்சிட்ட வரைபடமும், கையால் எழுதும் சலான் புத்தகமும் இருந்தால் ஒரு ஷிப்டையாவது ஓட்டலாம். சம்பள நாளன்று தாக்குதல் நேர்ந்தால் ஒப்பந்தத் தொழிலாளியின் வருகைக் கணக்கை எதைக் கொண்டு காட்டுவது? நாட்கூலியை நம்பி இருக்கும் வீட்டில் ஒரு வாரச் சம்பளம் தாமதமானால் அடுப்பு எரியாது. இந்தப் பரீட்சையில் தோற்பது இயந்திரம் அல்ல, அந்த வீடுதான்.

மதிப்பெண் போடுவது எப்படி?

இனிமேல்தான் கவனம் தேவை. பள்ளியில் தமிழில் 90, கணிதத்தில் 90, அறிவியலில் 0 என்றாலும் கூட்டி வகுத்தால் சராசரி 60 வந்துவிடும். இங்கே அப்படிக் கூட்டக் கூடாது. பெருக்க வேண்டும்!

ஏன்? மீட்பு என்பது அடுத்தடுத்த படிகளால் ஆனது. தாக்குதலைக் கண்டுகொள்ள வேண்டும், பரவாமல் துண்டிக்க வேண்டும், நகல் இருக்க வேண்டும், நகல் வேலை செய்ய வேண்டும், நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒவ்வொன்றும் வெற்றி பெறும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் ஒருசேர வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். சுமார் 0.59 வரும். 'முதல் வகுப்பு' என்று தோன்றிய நிறுவனம் உண்மையில் பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. ஐந்தில் ஒன்று பூஜ்யமானால் பெருக்கல் பலனும் பூஜ்யம். நான்கு படிகளில் வாங்கிய நல்ல மதிப்பெண்கள் அந்த ஒன்றை ஈடு செய்யா.

ஆகவே பரீட்சை முடிந்ததும் "மொத்தம் எவ்வளவு?" என்று பார்க்காமல் "எது மிகக் குறைவு?" என்று பாருங்கள். அடுத்த மாதப் பணத்தை அங்கேதான் செலவழிக்க வேண்டும். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2021-இல் இப்படிப்பட்ட தயார்நிலைப் பரீட்சை ஒன்றை வெளியிட்டது. அதிலும் அடிப்படைக் கேள்விகள், நடுத்தரக் கேள்விகள், உயர்நிலைக் கேள்விகள் என்று படிகள் உண்டு.

பரீட்சையில் தேறியவர்கள்

நார்வே நாட்டின் நோர்ஸ்க் ஹைட்ரோ ஓர் அலுமினிய நிறுவனம். 2019 மார்ச் 19-ஆம் நாள் பல நாடுகளில் இருந்த அதன் ஆலைகள் தாக்கப்பட்டன. பணம் தர முடியாது என்று நிறுவனம் மறுத்தது. ஊழியர்கள் பல ஆலைகளைக் காகிதமும் பேனாவும் கொண்டு ஓட்டினார்கள்; நகல்களிலிருந்து மீண்டார்கள். நடந்ததை மறைக்காமல் உலகுக்கு அன்றாடம் அறிவித்தார்கள். நட்டம் கோடிக்கணக்கான டாலர். ஆனால் திருடனுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்துச் சாவி வாங்கியது. வாங்கிய சாவி ஆமை வேகத்தில் வேலை செய்ததால், நிறுவனம் தன் சொந்த நகல்களையே பயன்படுத்தித் தொடர வேண்டியதாயிற்று. பணம் கொடுப்பது தயார்நிலைக்கு மாற்று ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீங்களும் செய்து பாருங்கள்

இந்தப் பரீட்சையை ஆலைக்குத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பள்ளி அலுவலகத்துக்கும் வைக்கலாம்; வீட்டுக்கும் வைக்கலாம். ஆசிரியரின் அனுமதியோடு மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலுக்கு இணைப்பில்லாத நகல் உண்டா? அதிலிருந்து ஒரு கோப்பை இப்போதே எடுத்துக் காட்ட முடியுமா? கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று?

வீட்டில் யாராவது தொழிற்சாலைக்குப் போகிறார்களா? தீ விபத்து ஒத்திகை நடப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். "கணிப்பொறி நின்றால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்ததுண்டா?" என்று இன்று இரவு கேளுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால், நாளைக் காலை ஷிப்டில் அந்தக் கேள்வியை அவர்களே மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும்.